சுழற்கோப்பை போதும், லீக் நடத்துவோம்



பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நம் பக்கத்து ஊர்களில் கால்பந்துப் போட்டி நடத்த உங்களில் பலர் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்புகிறீர்கள். ஆள் உயரக் கோப்பை, ஒலிபெருக்கி, பிளெக்ஸ், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. நல்ல மனசுதான். ஆனால் கணக்கு வாத்தியார் கண் வேறிடத்துக்குப் போகிறது. நாக் அவுட்டில் 16 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே 8 அணிகள் வெளியே. வேன் பிடித்து வந்த பையன் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகிறான். அடுத்தது அடுத்த விடுமுறையில்தான்.

ஜெர்மனியில் சிற்றூர் அணிக்கும் வாரந்தோறும் ஆட்டம் உண்டு. அங்கே கால்பந்துச் சங்கத்தில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பெரும்பாலோர் காசு வாங்காமல் ஆடுகிறவர்கள். வென்றால் மேல் நிலைக்கு ஏறலாம், தோற்றால் ஒரு நிலை இறங்கலாம். ஆட்டம் மட்டும் நிற்காது. மிரோஸ்லாவ் குளோசே தச்சுத் தொழில் பழகியவர். இருபது வயதை எட்டும் வரை ஏழாம் நிலை லீக்கில், ஒரு கிராமத்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2002 உலகக் கோப்பையில் 5 கோல், ஐந்தும் தலையால் முட்டியவை. 2014-இல் 16-வது கோல் போட்டு ரொனால்டோவின் சாதனையை முறியடித்தார். நம் ஊரில் இருபது வயதுப் பையனிடம் என்ன சொல்கிறோம்? "இன்னும் என்னடா பந்து?"

எட்டு அணிகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் இரண்டு முறை மோதினால் ஓர் அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 56. ஜூனில் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் முடிக்கலாம், ஐப்பசி மழையும் குறுக்கே வராது. நடுவருக்கு எங்கே போவது என்பீர்கள். அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிற ஊரில் அது ஒரு கேள்வியா? பெண் பிள்ளைகளுக்கும் தனியாக ஒன்று வேண்டும். 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற சேது எஃப்.சி. நம் பக்கத்து மதுரை அணிதான்.

சின்னக் கோப்பை போதும். மிச்சப் பணம் நடுவர் படிக்கும், பந்துக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் ஆகட்டும். தோற்கிற அணிக்கும் வாராவாரம் செலவு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சம்மதிக்கிறவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் அணி வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.