குமிழியும் கணக்கும்

நீரை மின்சாரத்தாற் பகுத்துக் காட்டும் சோதனையைப் போல இளைஞர் உள்ளத்தைக் கவருவன சிலவே. கண்ணாடிப் பாத்திரம் ஒன்று, எஃகுத் தகடுகள் இரண்டு, மோட்டார் வண்டியின் பாட்டரி ஒன்று ஆகிய இவை கிடைப்பின் வீட்டு முற்றமே ஆய்வுக்கூடமாகி விடுகின்றது. தகடுகளினின்று குமிழிகள் திரண்டெழுதலைக் கண்டு செய்தோர் களிக்கின்றனர், பார்த்தோர் வியக்கின்றனர். ஆயினும், செலவிட்ட சக்தி எவ்வளவு, பெற்ற சக்தி எவ்வளவு என்னும் வினாவை எழுப்புவோர் அரியர். அவ்வினாவுக்கு விடை கூறாத சோதனை வேடிக்கையே யன்றி விஞ்ஞானமாகாது என்பது எமது துணிபு.

விடை காணும் நெறி புதியதன்று. 1800-ஆம் ஆண்டில் நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் வோல்டாவின் மின்னடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தனர். பின்னர் 1830-களில் மைக்கேல் பாரடே, விளையும் பொருளின் அளவு செலுத்திய மின்சாரத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் நிற்கும் என நிறுவினார். வாயுவை அளந்து மின்சாரத்தைக் கணிக்கும் கருவியொன்றும் அமைத்தார். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு கலத்தின் வழியே ஒரு மணி நேரம் செல்லுமாயின், 30 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில், சாதாரண வாயு அழுத்தத்தில், ஏறத்தாழ 464 கன சென்டிமீட்டர் உலர்ந்த ஹைட்ரஜன் தோன்றலாம். பிராணவாயு அதிற் பாதி. அதற்கு மேற்படத் தோன்றாது.

எனவே, பிடித்த வாயுவை இவ்வளவோடு ஒப்பிடுதல் முதற் படி. ஆனால் இங்கேயே பலர் நின்றுவிடுகின்றனர். நூற்றுக்குத் தொண்ணூறு கிடைத்தது என மகிழ்வோர், மின்னழுத்தத்தை மறந்து விடுகின்றனர். ஹைட்ரஜனை எரித்தால் வெளிப்படும் வெப்பம் முழுவதையும் கணக்கிட்டால், அதற்கு ஈடாவது 1.48 வோல்ட் மட்டுமே. ஒரே கலத்திற்குப் 12 வோல்ட் கொடுப்பவன், வாயு சிறிதும் குறையாது பெற்றாலும், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கே பயனடைவான்; எஞ்சியது நீரைச் சுடவைத்துக் கழியும். அதே பாட்டரியில் ஐந்து கலங்களை வரிசையாகத் தொடுத்தால் கலமொன்றுக்கு 2.4 வோல்ட் ஆகும். பயனும் நூற்றுக்கு அறுபதை அடுத்து உயரலாம். கணக்குப் பார்த்தவனுக்கன்றோ இவ்வழி புலப்படும்!

அளவையிலும் விழிப்பு வேண்டும். கலம் சூடேறினால் நீராவி வாயுவோடு கலந்து கன அளவைப் பெருக்கும்; 30 பாகையிலேயே நூற்றுக்கு நான்கு பங்கு நீராவி உண்டு. விட்டுவிட்டுச் செலுத்தும் மின்னோட்டத்திலோ, சாதாரண மானிகள் காட்டும் சராசரி வோல்ட்டையும் சராசரி ஆம்பியரையும் பெருக்கினால் உண்மைச் சக்தி கிடைக்காது. இட்டதினும் மிகுதியாக எடுத்தோம் எனக் கூறுவார் கூற்றுக்கள் பெரும்பாலும் இத்தகைய பிழைகளிற் பிறந்தவை. சிலவோ பிழையினும் கொடியவை. நீரால் வண்டி ஓட்டலாமென்று கூறிப் பணம் திரட்டிய ஸ்டான்லி மேயர் என்பாரின் கலத்தில், சாதாரண மின்பகுப்பின் வேறாக யாதொன்றும் இல்லையென நிபுணர் சாட்சி கூறினர். 1996-இல் அமெரிக்காவின் ஒஹாயோ நீதிமன்றம் அதனை மோசடியெனத் தீர்த்துப் பணத்தைத் திருப்பித் தருமாறு ஆணையிட்டது. பணம் ஈந்தோர் அன்றே அளந்து பார்த்திருப்பின் வழக்கும் எழுந்திராது.

"சிறுவரின் ஆர்வத்தைக் கணக்கென்னும் பாரத்தால் நசுக்கலாமா?" எனச் சிலர் வினவுவர். ஆர்வம் முதலில் வேண்டுமென்பது மெய்யே. ஆனால் பன்னிரண்டு என்னும் எண்ணைக் கண்டவனே, அதனைப் பதின்மூன்றாக்குவது எங்ஙனம் என்று உறங்காது சிந்திப்பான். குறைந்த எண் இழுக்கன்று, எண்ணின்மையே இழுக்கு. மேலும், இது விளையாட்டுக் கணக்குமன்று. 2023-இல் இந்திய அரசு, 2030-க்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் ஆக்கும் திட்டத்தை ஏற்றது. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனில் அடங்கிய சக்தி 39.4 யூனிட், பெரிய ஆலைகளோ அதனை ஆக்க 50 யூனிட்டோ, அதற்கு மேலுமோ செலவிடுகின்றன. கிலோவுக்கு ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினாலும் அத்திட்ட அளவில் ஆண்டுக்கு 500 கோடி யூனிட் மிஞ்சும். அவ்வொரு யூனிட்டைத் தேடப்போவோர் இன்றைய மாணவரே.

ஆதலின் எமது வேண்டுகோள் எளிது. இத்தகைய சோதனையைக் காட்சிக்கு வைப்போர் வோல்ட், ஆம்பியர், நேரம், வாயுவின் அளவு, அதன் வெப்பம் ஆகிய ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி, அவற்றால் விளைந்த பயன் விகிதத்தையும் குறித்திடுக. உப்பு இடின் நச்சுத்தன்மையுள்ள குளோரின் எழும். ஆதலாற் சலவைச் சோடாவைக் கொள்க. இரு வாயுக்களையும் ஒரு கலத்திற் சேர்த்து அடைத்தல் வெடிக்கு வித்திடுதலாகும். அவற்றை வெவ்வேறு குழாய்களிற் பிடித்திடுக. ஆசிரியர்களும் குமிழியின் திரட்சியைப் பாராது அட்டையின் நேர்மையைப் பார்த்துப் பரிசளிப்பாராக. குமிழி கணப்பொழுதில் மறையும். உண்மையாக அளந்து எழுதிய எண் பின்வருவோர்க்குப் படியாக நிற்கும்.