கேஸ் கட்டு யாருடையது?

நம்ம குடிசைகள் எரிந்ததைப் பற்றி நம்மிடம் கவிதை இருக்கிறது. கதை இருக்கிறது. ஆண்டுதோறும் நினைவஞ்சலிக் கூட்டம் இருக்கிறது. எரித்தவன் பேர் எழுதிய முதல் தகவல் அறிக்கையின் நகல் மட்டும் நம்மிடம் இல்லை. தோழர்களே, இந்த வெட்கக்கேட்டைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அப்போது இது தென்னார்க்காடு மாவட்டம். மரத்தை வெட்டிப் போட்டார்கள், பஸ்ஸை நிறுத்தினார்கள். கேட்டது அரசாங்கத்திடம் இடஒதுக்கீடு. எரிந்தது சேரிகள். சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் எங்க தெருவும் அதில் ஒண்ணு. நான் சின்னப் பையன். வெள்ளாத்தங்கரையில் ராத்திரி முழுக்க உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கு. கேஸ் போட்டாங்க, சாட்சி சொல்லப் போனோம், ‘தள்ளுபடி ஆயிடுச்சு’ன்னு அப்பா சொல்வார். அவ்வளவுதான் எங்க குடும்பத்துக்குத் தெரிந்த வரலாறு.

பல வருசம் கழித்து அந்தத் தீர்ப்பைப் படிக்கணும்னு தோணிச்சு. எந்தக் காரணத்தைச் சொல்லித் தள்ளினான்? எங்க அம்மா சொன்ன சாட்சியத்தை நீதிபதி எப்படி எழுதி வச்சிருக்கார்? குறுக்கு ரோட்டில் பஸ் ஏறி மூணு தடவை ஒரு கோர்ட்டுக்குப் போனேன். முதல் தடவை, “நம்பர் சொல்லுப்பா, நம்பர் இல்லாம எப்படித் தேடறது?” இரண்டாவது தடவை, “நீ பார்ட்டியா? வக்கீலா? அப்புறம் ஒனக்கு எதுக்கு?” மூன்றாவது தடவை ஒரு வயசான ஊழியர் இரக்கப்பட்டு உண்மையைச் சொன்னார்: “அந்த வருசத்துக் கட்டெல்லாம் அழிச்சாச்சுப்பா.” வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா வெத்தலையைத் துப்பிட்டு, “நமக்கு ரெண்டாவது வாட்டியும் எரிச்சிட்டாங்க”ன்னார்.

அந்த ஊழியர் பொய் சொல்லவில்லை. பதிவேடுகளை அழிப்பதற்கென்றே 1917இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். இன்ன காகிதம் இத்தனை வருசம், அதற்குப் பிறகு அழிக்கலாம் என்று உயர் நீதிமன்றம் விதி செய்துகொள்ளலாம். சட்டப்படிதான் அழித்தார்கள். நேரத்தில் போய்க் கேக்காதது நாம். அப்பாவுக்குத் தெரியாது, சரி. எங்க தெருவுக்கு வந்து மைக் பிடித்த தலைவர்களுக்கும், கட்டுரை எழுதிய தோழர்களுக்கும் தெரியாதா? ஒருத்தர்கூட ஒரு நகல் போட்டு வைக்கவில்லையே, ஏன்?

நம்மைப் பற்றி அவன் எழுதி வைக்காத நாள் கிடையாது. அதையும் பார்க்க வேண்டும். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தான். 1911 சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்குள்ளும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளி என்று ரிஜிஸ்தரில் ஏற்றினான், கைரேகை எடுத்தான். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுக்க 1952இலும் அந்தச் சட்டம் போனது. ரிஜிஸ்தர் புத்தி போகவில்லை. சிறைப் பதிவேட்டில் கைதியின் சாதியை எழுதும் கட்டத்தை எடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2024 அக்டோபர் 3 வரை ஆயிற்று. ஆக, அரசாங்கத்திடம் நம்ம கைரேகை இருக்கு, சாதி இருக்கு, ‘கெட்ட நடத்தை’ இருக்கு. அரசாங்கமும் ஆதிக்கச் சாதியும் நமக்குச் செய்தது எழுதிய காகிதம் நம்மிடம் இல்லை.

இங்கேயிருந்து கூப்பிடு தூரத்தில் கம்மாபுரம். 1993 மார்ச்சில் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. குறவர் சாதி. பழைய ரிஜிஸ்தர் எந்தச் சாதியைத் திருடன் என்று சொன்னதோ அந்தச் சாதி. ஆள் தப்பி ஓடிவிட்டான் என்றது போலீஸ். அவருடைய மனைவி ஓயவில்லை. கட்சித் தோழர்கள் துணைக்கு வந்தார்கள். வழக்கறிஞராக இருந்த சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்தினார். வெள்ளாற்றுக்கு அந்தாண்டை, மாவட்டம் தாண்டி மீன்சுருட்டிப் பக்கத்தில் அதே நாட்களில் ஒரு ‘அடையாளம் தெரியாத பிணம்’ பதிவாகியிருந்தது. இங்கே ஸ்டேஷனில் ஓடிப்போனவன், அங்கே ஸ்டேஷனில் அநாதைப் பிணம். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் கொலை கொலையானது. 13 வருசம் கழித்து 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் போலீஸ்காரர்கள் குற்றவாளிகளாக நின்றார்கள்.

2021இல் அதைப் படமாக எடுத்தார்கள். எல்லோரும் அழுதோம். எத்தனை பேர் தீர்ப்பைத் தேடிப் படித்தோம்? படத்தில் இருளர், நிஜத்தில் குறவர் என்கிற வித்தியாசமே பல பேருக்குப் படம் ஓடி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8. முருகேசன் தலித், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண். ரெண்டு பேருக்கும் ஊரறிய விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிந்தது ஜூலை 17இல். ஒன்பது நாள் கழித்து. பதிந்ததிலும் என்ன எழுதினார்கள்? கொன்றவர்களோடு சேர்த்துச் செத்த பையனுடைய சொந்தக்காரர்களையும் குற்றவாளி ஆக்கினார்கள். மகனைப் பறிகொடுத்த வீடே கொலைகார வீடு என்று காகிதம் பேசியது. அந்தக் காகிதத்தை எதிர்த்துத்தான் 18 வருசம் போராட வேண்டியிருந்தது. 2004இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பர் 24இல் கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, மற்றவர்களுக்கு ஆயுள். தண்டனை வாங்கியவர்களில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போலீஸ் பொய்யாகச் சோடித்ததை உச்ச நீதிமன்றமே எழுதி வைத்திருக்கிறது. ‘போலீஸ் சாதி பார்க்காது’ என்று டீக்கடையில் எவனாவது சொன்னால் மூஞ்சியில் விரித்துக் காட்ட வேண்டிய காகிதம் அது. நம்ம படிப்பகம் எத்தனையில் அதன் நகல் இருக்கிறது?

‘தீர்ப்பே நமக்கு எதிராக வந்தால் அதை எதுக்கு வச்சுக்கணும்?’ என்று கேட்பார்கள். வச்சுக்கணும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1970இல் நாகை நீதிமன்றம் கொடுத்த தண்டனையை 1973இல் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. கார் வைத்திருக்கிற பெரிய நிலக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற மாதிரி காரணம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இதை நாம் ஐம்பது வருசமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லி நீதிமன்றத்தைக் கூண்டில் ஏற்ற முடிகிறதென்றால், தீர்ப்பு கைக்குக் கிடைத்ததால்தான். எங்க தெருவைத் தள்ளிய தீர்ப்பு என்ன சொன்னதென்று எனக்குத் தெரியாது. அந்த நீதிபதியின் மேல் நான் ஒரு வார்த்தை குற்றம் சொல்ல முடியாது. அவரைத் தப்பிக்க விட்டது நாமே.

அமெரிக்காவில் ஐடா பி. வெல்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண், பத்திரிகைக்காரர். அடிமையாகப் பிறந்தவர். கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற கணக்கை 1895இல் புத்தகமாகப் போட்டார். கணக்கு எங்கேயிருந்து எடுத்தார்? வெள்ளைக்காரப் பத்திரிகை அச்சடித்த கணக்கையே எடுத்தார். பொய்யென்று ஒருத்தனும் சொல்ல முடியவில்லை. அவன் எழுதியதையே எடுத்து அவனுக்கு எதிராக வைப்பதற்கு ஒரு கறுப்புப் பெண் நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னாலேயே வழி காட்டினார்.

நம்ம ஆட்களிடமிருந்து வருகிற மறுப்பு இரண்டு. ஒன்று: “சட்டமே அவன் சட்டம், கோர்ட்டே அவன் கோர்ட்டு, அங்க போய்க் காகிதம் பொறுக்கறது சீர்திருத்தவாதம்.” கேக்க நல்லாத்தான் இருக்கு. இப்படிப் பேசுகிற தோழர் தன் பாகப்பிரிவினைப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். காகிதம் இல்லாதவன் கதி என்ன என்பது நத்தம் புறம்போக்கில் பட்டா இல்லாமல் குடியிருக்கிறவனைக் கேட்டால் தெரியும். அண்ணல் அம்பேத்கரே வழக்கறிஞர்தான். ஆதாரம் இல்லாமல் அவர் எதையும் எழுதியதில்லை.

இரண்டாவது மறுப்பு எழுத்தாளர்களுடையது: “எங்க உடம்பே சாட்சி, எங்க அனுபவமே ஆவணம்.” உண்மை. நானும் அப்படி எழுதியவன்தான். ஆனால் கிழவி செத்தால் அந்த ஆவணமும் சுடுகாட்டுக்குப் போகிறது. உங்க கதையை ‘உணர்ச்சிகரமான படைப்பு’ என்று பாராட்டிவிட்டு எழுந்து போக அவர்களால் முடியும். குற்ற எண், பிரிவு, சாட்சி வரிசை போட்டு நிறுத்தினால் அப்படி எழுந்து போக முடியாது.

காகிதம் இல்லாததால் நம்ம பிள்ளைகள் இன்றைக்கும் அடி வாங்குகிறார்கள். அவன் அடிப்பான், நாம் புகார் கொடுப்போம், மறுநாள் நம்ம பையன்கள் மேல் எதிர்வழக்கு. நாலு வருசம் அலைந்து விடுதலை ஆகிவிடும். பையன் போலீஸ் வேலைக்குத் தேர்வாவான். 2003இல் கொண்டு வந்த விதி விளக்கம், ‘சந்தேகத்தின் பலனை’ வைத்து விடுதலையானவனையும் வழக்கில் ஈடுபட்டவன் என்றே கொள்ளச் சொல்கிறது. தீர்ப்பில் ஒரு வரி எப்படி எழுதியிருக்கிறது என்பதில் பையனுடைய வாழ்க்கையே தொங்குகிறது. அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கிப் படித்துப் பார்த்தவன் எங்க பக்கத்தில் அபூர்வம். “விடுதலை ஆயிடுச்சுண்ணே”ன்னு சொல்லிட்டு வந்துடுறான்.

சட்டம் என்ன சொல்கிறது? புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கெஞ்ச வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய நடைமுறைச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் அதே உரிமையைச் சொல்கிறது. விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ பிரிவு இருக்கிறது. ஜாமீன் மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கைக்கும் நமக்கு அறிவிப்பு தர வேண்டும், நம்மைக் கேட்க வேண்டும். இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இலேயே உத்தரவு. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

நீதிமன்றக் கட்டு வேறு விசயம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் கிடைக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். நீதிமன்ற விதிப்படிதான் நகல் கேக்கணும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்துவிட்டது. தீர்ப்பால் பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் காசு கட்டித் தீர்ப்பு நகலும் சாட்சிய நகலும் கேக்கலாம். வெளியாள் என்றால் காரணம் சொல்லி மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டும். அதனால் பாதிக்கப்பட்ட குடும்பத்து ஆளே கையெழுத்துப் போடுவது நல்லது.

நம்பர்தான் சாவி. ஸ்டேஷன் பேர், குற்ற எண், வருசம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அது சி.சி. நம்பராகவோ பி.ஆர்.சி. நம்பராகவோ மாறும். செசன்ஸுக்குப் போனால் எஸ்.சி. நம்பர். ஒரு பெரியவர், “அங்கயும் சாதியைத்தான் கேக்கறானா?”ன்னு கேட்டார். செசன்ஸ் கேஸ் என்று விளக்கினேன். “நம்ம கேஸுக்கு ரெண்டுமே பொருந்துது”ன்னு சிரிச்சார். இப்போது ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க அடையாள எண் உண்டு. செல்போனிலேயே வாய்தா தேதி பார்க்கலாம். தீர்ப்பு வந்த அன்றே மனு போட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் எங்க தெருக் கதைதான்.

கிடைத்ததை அப்படியே அச்சில் போட்டுவிடாதீர்கள். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பேர் வெளியே வரக் கூடாது. உயிரோடு இருக்கிற சாட்சி அதே ஊரில் நாளைக்கும் தண்ணிக்குப் போக வேண்டும். காகிதத்தைக் காப்பாற்றுவதும் காகிதத்தில் இருக்கிற மனுசியைக் காப்பாற்றுவதும் ஒரே வேலை.

நான் கேட்பது பெரிசா ஒண்ணுமில்லை. சட்டம் படிக்கிற நம்ம பிள்ளைகள் ஆளுக்கு ஒரு ஸ்டேஷன் எல்லையை எடுத்துக்கொள்ளட்டும். சேத்தியாத்தோப்பு ஒருத்தர், கம்மாபுரம் ஒருத்தர், புவனகிரி ஒருத்தர். காலனிக்குக் காலனி போய்ப் பழைய சம்மன், வக்கீல் நோட்டீசு, ஜாமீன் காகிதம் எது கிடைத்தாலும் நம்பரைக் குறித்துக்கொள்ளட்டும். நகல் வாங்க ஆகிற செலவு ஒரு போஸ்டர் செலவுகூட ஆகாது. படிப்பகத்தில் ஒரு இரும்பு பீரோ போதும்.

எங்க தெருவில் ஆரம்பித்தாயிற்று. அம்மாவுடைய தகரப் பெட்டியில் ஒரு சம்மன் இருந்தது. கரையான் பாதி தின்றிருக்கிறது. நம்பரில் முதல் இரண்டு இலக்கம் தெரிகிறது.