கயிறு பிடிக்கும் கல்வி

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

"பி.எஸ்ஸி. முடித்த பின் என்ன செய்யப் போகிறாய்?" என்று என்னைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே இக்கேள்விக்கு நான் சொல்லும் விடை என் ஒருவனுடைய விடையாக இருக்க முடியாது. சென்ற விடுமுறையில், "திட்ட மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறேன்" என்று வீட்டில் சொன்னேன். மூட்டை இறக்கும் வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எய்யா, திட்டம் போடுறதுக்குக் கூடவா ரெண்டு வருசம் படிக்கணும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்க என்னால் இயலவில்லை. அதற்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு பெரும் பணியைக் குறித்த நாளில், குறித்த செலவில், குறித்த தரத்தில் முடித்துக் கொடுக்கும் முறையே திட்ட மேலாண்மை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எது தாமதமானால் எல்லாமே தாமதமாகும் என்று கணக்கிடும் சி.பி.எம். முறை 1957-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்தில் உருவானது. அதை அடுத்து, பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காக அந்நாட்டுக் கடற்படை 'பெர்ட்' முறையை வகுத்தது. இவ்விரண்டும் கணித மாணவர்கள் செயல்முறை ஆராய்ச்சிப் பாடத்தில் படிப்பவைதாம். வட்டங்களையும் அம்புகளையும் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அத்தோடு மறந்தும் விடுகிறோம்.

ஆனால் இது நம் கடற்கரைக்குப் புதிய சங்கதி அன்று. முத்துக் குளிப்பு நடந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். நினைத்த ஆண்டில் கடலில் குதித்துவிட முடியாது. முதலில் பார்களை ஆய்வு செய்வார்கள். மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்களுக்கு மதிப்புப் போடுவார்கள். சிப்பி முற்றியிருந்தால்தான் நாளும் இடமும் அறிவிக்கப்படும். பிறகு படகு, ஆள், கொட்டகை, குடிநீர், காவல், ஏலம் ஆகிய அத்தனையும் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களுக்குள் நடந்தாக வேண்டும். 1961-இல் நடந்ததே இங்கே கடைசி முத்துக் குளிப்பு.

சங்கு குளித்தவரான என் தாத்தா ஒன்று சொல்வார்: "குளிக்கிறவன் மூச்சு, கயிறு பிடிக்கிறவன் கையில." கயிறு பிடிக்க மைத்துனனையே நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. தன் அக்காள் தங்கை தாலியை அவன் காப்பான் அல்லவா? மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பவன்மேல் அக்கறை வேண்டும் என்பதே இதன் பொருள். எந்த மேலாண்மை நூலும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடாது.

கயிறு நம்மவர் கையில் இருந்தது உண்மை. ஆனால் நாள் குறித்தவரும் பங்கு வகுத்தவரும் யார்? வெள்ளையர் ஆட்சியில் சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குப் போயிற்று. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு ஒரு பங்கே கிடைத்தது. இந்த நிலையை மீறி, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார் வ.உ.சி. பங்கு சேர்த்தார், கப்பல் கொண்டுவந்தார், கொழும்புக்கு ஓட்டினார். எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அரசு 1908-இல் அவரைச் சிறையில் தள்ளியது. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் தியாகத்தைப் போற்றும் நாம் அந்த முயற்சியை ஒரு திட்டமாகவும் படிக்க வேண்டும். தலைவன் சிறை சென்றாலும் நின்றுவிடாத அமைப்பு எப்படி அமையும் என்பதே அது நமக்கு விட்டுச் சென்ற வினா.

இன்று அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில் சுமார் 7,056 கோடி ரூபாய் மதிப்பிலான வெளித் துறைமுகத் திட்டத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதே நாளில் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்திற்கும் அடிக்கல் நாட்டினார்கள். இவற்றில் நம் மாவட்டத்து இளைஞர்களுக்கு என்ன இடம்? மண் சுமக்கும் இடம் மட்டுந்தானா?

சேதுக் கால்வாயையும் மறக்கலாகாது. 1860-இலேயே பேசப்பட்ட அத்திட்டம் 2005 ஜூலை 2-இல் தொடங்கியது. வழியைப் பற்றிய வழக்கால் 2007-இல் உச்சநீதிமன்றத் தடைக்கு உள்ளானது. கால்வாய் இன்றுவரை முடியவில்லை. நம்பிக்கை உடையோரின் எதிர்ப்பும் மீன்பாடு குறையுமோ என்ற மீனவரின் அச்சமும் வேலை தொடங்கும் முன்பே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டியவை என்பது என் கருத்து. அந்த அச்சத்தை அறிந்தவர் திட்டமிடும் மேசையில் அமர வேண்டும். அதற்காகவே இப்படிப்பை நாடுகிறேன்.

"அது என்ஜினீயர்களுக்கான படிப்பு, உனக்கு எதற்கு?" என்கிறார்கள் நண்பர்கள். பல இடங்களில் பொறியியல் பட்டம் கேட்பது உண்மைதான். ஆயினும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ.வில் சேர, கலை அறிவியல் பட்டதாரிக்கும் கதவு திறந்தே இருக்கிறது. "வெறும் காகிதப் பட்டம்" என்பது மற்றொரு குறை. இதில் பாதி உண்மை உண்டு. உலகெங்கும் மதிக்கப்படும் பி.எம்.பி. சான்றிதழுக்கே, திட்டங்களை நடத்திய பல ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உப்புக் காற்று படாதவன் வரையும் அம்புக்குறி காகிதத்தோடு நின்றுவிடும்.

எனவே என் முடிவு இது: பட்டம் பெற்றதும் இரண்டு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பணித்தளத்தில் சிறு வேலையிலாவது சேர்வேன். தங்கையின் படிப்புக்கும் அது உதவும். அதன்பின் முதுநிலைப் படிப்பு. என்னைப் போன்ற முதல் தலைமுறையினருக்கு இந்த வரிசையே ஏற்றது என்று நம்புகிறேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்முறை ஆராய்ச்சிப் பாடம் நடத்தும்போது எங்களை ஒரு நாள் துறைமுகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கப்பல் சரக்கு இறக்கிப் புறப்படும்வரை நடக்கும் வேலைகளை நாங்களே வரைந்து, நாள் கணக்கிட்டுப் பார்க்கிறோம்.

என் முடிவை அப்பாவிடம் சொன்னேன். "படி. ஆனா மூட்டையோட கனம் தெரியாம கணக்கு எழுதுறவனா மட்டும் வந்துராத" என்றார். நண்பர்களே, நம் பெற்றோர் ஆழத்தில் மூழ்கி நம்மைக் கரையேற்றியிருக்கிறார்கள். இனிக் கயிறு நம் கைக்கு வரட்டும். கீழே இருப்பவரை மறவாத கையாக அது இருக்கட்டும்.