அமெரிக்கத் தேர்தலும் "கள்ளக் குடியேறி" பூச்சாண்டியும்

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் வருகிறது. கூடவே ஒரு பூச்சாண்டியும் வருகிறான். அவன் பெயர் "கள்ளக் குடியேறி". உன் வேலையைப் பறித்தவன் அவன்! உன் கூலியைக் குறைத்தவன் அவன்! உன் தெருவில் திருட்டுப் போனால் அதற்கும் அவனே காரணம்! அவனை விரட்டுகிறேன், எனக்கு ஓட்டுப் போடு! இதுதான் கூப்பாடு.

2015 ஜூன் மாதம் டொனால்டு டிரம்ப் தேர்தல் களத்தில் இறங்கியதே இந்தக் கூப்பாட்டோடுதான். மெக்சிகோ எல்லையில் சுவர் எழுப்புவேன், செலவை மெக்சிகோ கொடுக்கும் என்றார். 2016-ல் ஜெயித்தார். மெக்சிகோ காலணா கொடுக்கவில்லை. 2024-ல் மறுபடியும் வந்தார். ஓஹையோ மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஹைட்டி நாட்டிலிருந்து வந்தவர்கள் ஊரார் வளர்க்கும் நாயையும் பூனையையும் தின்கிறார்கள் என்று விவாத மேடையில் நின்று சொன்னார். அதற்கு ஆதாரமே இல்லை என்று அந்த ஊர் நிர்வாகமே கூறிவிட்டது. அந்த ஹைட்டி மக்களில் பெரும்பாலோர் சட்டப்படி அனுமதி பெற்று அங்கே உழைத்து வந்தவர்கள். இருந்தும் பொய் ஊர் ஊராகச் சுற்றியது. டிரம்ப் மீண்டும் ஜனாதிபதி ஆனார்.

தோழர்களே! இந்தப் பூச்சாண்டியின் முகமூடியைக் கழற்றிப் பார்ப்போம். உள்ளே யார் இருக்கிறான்? நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரன்தான்.

அறுப்பவன் யார்? உண்பவன் யார்?

அமெரிக்காவில் குடியேற்றப் பத்திரம் இல்லாமல் வாழ்வோர் ஒரு கோடிக்கும் மேல். வயல்களில் பயிர் வேலை செய்யும் கூலியாட்களில் 10 பேரில் சுமார் 4 பேர் பத்திரம் இல்லாதவர்கள். திராட்சை பறிப்பவர்கள் இவர்கள். கோழி வெட்டும் ஆலையில் குளிரில் விறைத்து நிற்பவர்கள் இவர்கள். கூரை போடுபவர்கள், ஓட்டலில் பாத்திரம் துலக்குபவர்கள் இவர்கள். சர்க்கார் சோற்றைத் தின்கிறார்கள் என்று இவர்களை ஏசுகிறார்கள். ஆனால் 2022-ல் மட்டும் இவர்கள் கட்டிய வரி சுமார் 9,670 கோடி டாலர் என்று வரிக் கணக்கு ஆராய்வோர் காட்டியிருக்கிறார்கள். வரி கொடுக்கிறார்கள், ஓட்டு மட்டும் கிடையாது.

ஏன் வந்தார்கள்? சொந்த ஊரில் சோறு இருந்தால் எவன் பாலைவனத்தில் நடந்து சாவான்? 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. மானியம் வாங்கி விளைந்த அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோ சந்தையில் வந்து குவிந்தது. அங்கே ஏர் பிடித்த ஏழை விவசாயி விலையில்லாமல் வீழ்ந்தான். அதே 1994-ல் கலிபோர்னியா எல்லையில் வேலியையும் காவலையும் பலப்படுத்தினார்கள். சோளம் எல்லை தாண்டலாம். சோளம் விளைத்தவன் தாண்டக் கூடாது!

சட்டத்தில் ஒரு புறவாசல்

இவர்களை உண்மையிலேயே விரட்ட விரும்புகிறார்களா? சட்டப் புத்தகத்தைப் புரட்டுவோம்.

1952-ல் ஒரு சட்டம் வந்தது. பத்திரம் இல்லாதவனுக்கு அடைக்கலம் தருவது குற்றம் என்றது. ஆனால் அவனுக்கு வேலை கொடுப்பது அடைக்கலம் ஆகாது என்றும் அதே சட்டம் சொன்னது! டெக்சாஸ் பண்ணை முதலாளிகளுக்காகத் திறந்து வைத்த புறவாசல் இது.

1954-ல் ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்தபோது மாபெரும் விரட்டல் நடந்தது. பத்து லட்சம் பேருக்கு மேல் வெளியேற்றினோம் என்று சர்க்கார் மார்தட்டியது. பண்ணைகள் ஆளில்லாமல் கிடந்தனவா? இல்லை. 1942 முதல் நடந்து வந்த "பிரசேரோ" என்ற ஒப்பந்தக் கூலித் திட்டத்தில் ஆள் சேர்ப்பைப் பெருக்கினார்கள். 1953-ல் சுமார் 2 லட்சம் ஒப்பந்தங்கள். 1956-ல் 4 லட்சத்து 45 ஆயிரம். முன்வாசல் வழியே விரட்டினார்கள். புறவாசல் வழியே ஒப்பந்தச் சீட்டைக் கழுத்தில் கட்டி அழைத்துக்கொண்டார்கள்.

1986-ல் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சுமார் 27 லட்சம் பேருக்குப் பத்திரம் கிடைத்தது, அது நல்லது. இனிமேல் பத்திரம் இல்லாதவனை "தெரிந்தே" வேலைக்கு வைத்தால் முதலாளிக்குத் தண்டனை என்றும் அச்சட்டம் கூறியது. "தெரிந்தே" என்ற அந்த ஒரு சொல் போதாதா? போலிச் சீட்டைப் பார்த்து ஏமாந்தேன் என்று முதலாளி கையை விரித்தான். தப்பித்துக்கொண்டான்.

2002-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று வந்தது. சங்கம் அமைக்க முயன்றதற்காகச் சட்டவிரோதமாக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒரு தொழிலாளிக்கு, பத்திரம் இல்லாத காரணத்தால், இழந்த சம்பளம் கிடையாது என்று ஐந்து நீதிபதிகள் கூறினார்கள். நான்கு பேர் மறுத்தார்கள். இதன் பொருள் என்ன? சங்கம் சேர்ந்தவனை முதலாளி துரத்தலாம். பெரிதாக நஷ்டம் இல்லை!

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. முதலாளிக்கு வேண்டியது இவர்கள் போவதல்ல. போய்விடுவோமோ என்று ஒவ்வொரு நாளும் நடுங்கிக்கொண்டே வேலை செய்வதுதான். நடுங்குகிறவன் கூலி கேட்க மாட்டான். விரல் போனாலும் வாய் திறக்க மாட்டான்.

விலங்கு யார் கையில்?

2019 ஆகஸ்டு 7. மிசிசிப்பி மாநிலத்துக் கோழி ஆலைகளில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்தார்கள். ஒரே நாளில் 680 தொழிலாளர் கைது. அவ்வட்டாரத்தில் பல பிள்ளைகளுக்கு அன்றுதான் பள்ளி திறந்தது. மாலையில் திரும்பினால் வீட்டில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அவற்றில் ஓர் ஆலையில் பெண் தொழிலாளர் மானக்கேடான தொல்லைகளை எதிர்த்து வழக்காடியிருந்தார்கள். அந்த நிர்வாகம் 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது முந்தைய 2018-ல்தான். சோதனை நடந்த அன்று எந்த முதலாளி கையிலும் விலங்கு ஏறவில்லை. அடுத்த ஆண்டு சில மேலாளர்கள் மீது வழக்கு வந்தது. ஆலை அதிபர்கள் அசையவில்லை.

2025-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. விரட்டல் வேகமாக நடந்துகொண்டிருந்தபோது பண்ணை முதலாளிகளும் ஓட்டல் முதலாளிகளும் அலறினார்கள். உடனே ஜூன் மாதம் டிரம்பே எழுதினார்: நீண்ட காலம் உழைத்த நல்ல தொழிலாளிகளை நம் கொள்கை பறிக்கிறது, அவர்களுக்கு மாற்றாள் கிடைப்பது அரிது என்று! பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனையை நிறுத்தி வைக்க உத்தரவு போனது. சில நாளில் அதுவும் மாறியது. நேற்றுவரை கொள்ளைக்காரன், இன்று நல்ல தொழிலாளி, நாளை மறுபடி கொள்ளைக்காரன்!

அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு காரியம் நடந்தது. பண்ணை வேலைக்கென்று தற்காலிக ஒப்பந்தத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் கூலிகளுக்குரிய குறைந்தபட்சக் கூலி விகிதத்தைச் சர்க்கார் குறைத்தது. அந்தக் கூலி ஒரே முதலாளியோடு கட்டுண்டவன். வேலையை விட்டால் நாட்டை விட வேண்டும். 1954-ன் நாடகம் மீண்டும் மேடை ஏறியது. ஒரு கையால் விரட்டு. மறு கையால் இன்னும் மலிவாக அழைத்துக்கொள்!

ஒரு கட்சியின் பாவம் மட்டுமல்ல

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கண்ணீர் வடிப்பதை நம்பலாமா? 1996-ல் தேர்தலுக்கு ஐந்து வாரம் இருக்கையில் கிளிண்டன் கடுமையான குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒபாமாவின் எட்டு ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டோர் பல லட்சம். 2024-ல் தேர்தல் நெருங்கியபோது, எல்லையைத் தாண்டி வந்து அடைக்கலம் கேட்போருக்கு பைடன் கதவைச் சாத்தினார். ஒருவர் கத்திக்கொண்டு அடிக்கிறார். மற்றவர் வருந்திக்கொண்டு அடிக்கிறார். அடி ஒன்றல்ல என்பது உண்மை. டிரம்பின் முதல் ஆட்சியில் 5,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமையை மற்றவர்களோடு சமமாக்க முடியாது. ஆனால் அந்தக் கொடுமைக்குப் பாதை போட்டதில் இரு கட்சிக்கும் பங்குண்டு.

அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு சொல்

டிரம்புக்கு ஓட்டுப் போட்ட தொழிலாளியை ஏசுவது நம் வேலை அல்ல. அவன் கோபம் பொய்யல்ல. ஊர் ஆலை மூடிக் கிடக்கிறது. தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009-க்குப் பிறகு அது ஒரு சென்ட் கூட உயரவில்லை. அதை உயர்த்தாமல் வைத்தது மெக்சிகோ கூலிக்காரனா? அவனுக்கு பார்லிமெண்டில் ஓட்டு உண்டா? உன் ஆலையை மூடிச் சாவியை எடுத்துப் போனது அவனா?

"பத்திரமில்லாதவன் குறைந்த கூலிக்கு வருகிறானே, அதனால் என் கூலி விழாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விழும், அவனுக்கு உரிமை இல்லாதவரை விழும். அவன் சங்கத்தில் சேர முடிந்தால், சம்பளப் பாக்கிக்குத் தைரியமாக வழக்குப் போட முடிந்தால், அவனை வைத்து உன் கூலியைக் குறைக்க முடியுமா? கூலியைக் குறைப்பது அவன் வயிறல்ல, அவன் அச்சம்.

இதற்கு அமெரிக்க மண்ணிலேயே சாட்சி உண்டு. கலிபோர்னியாவில் பிலிப்பைன்ஸ் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தால் மெக்சிகோக்காரர்களைக் கருங்காலிகளாக இறக்குவார்கள். இவர்கள் செய்தால் அவர்களை இறக்குவார்கள். 1965 செப்டம்பர் 8-ல் டிலானோ வட்டாரத்தில் பிலிப்பைன்ஸ் திராட்சைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். எட்டாம் நாள் மெக்சிகோ தொழிலாளர் சங்கமும் கூடிப் பேசி, கருங்காலியாக மாட்டோம், நாங்களும் சேருகிறோம் என்றது. மறு ஆண்டு இரு சங்கமும் ஒன்றாயின. ஐந்து ஆண்டு போராட்டம். 1970-ல் திராட்சை முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

பின்னாளில் அதே சங்கம் சறுக்கியதையும் மறைக்கக் கூடாது. 1974-ல் எல்லை தாண்டி வந்தவர்களை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கும் வேலையில் அது இறங்கியது. பண்ணை முதலாளிக்குத்தான் அதில் லாபம். பாடம் கற்க நாளாயிற்று. 2000-ல் அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் பெரிய சம்மேளனமே நிலை மாறி, பத்திரமில்லாத தொழிலாளருக்கும் உரிமை கொடு என்றது. 2006 மே முதல் நாளில் லட்சக்கணக்கான குடியேறிகள் வேலையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பத்திரமின்றி இருப்பதையே பெருங்குற்றமாக்க வந்த மசோதா சட்டமாகாமல் செத்தது. மே தினம் பிறந்த சிகாகோவில் 1886-ல் வழக்கில் சிக்கிய எட்டுப் பேரில் ஆறு பேர் வேறு நாட்டில் பிறந்து அங்கே குடியேறியவர்கள்தான்!

2025 பிப்ரவரி 5-ல் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அமிர்தசரசில் இறங்கியது. அதில் 104 இந்தியர். கையில் விலங்கு, காலில் சங்கிலி. நிலத்தை விற்றும் கடன்பட்டும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போன பஞ்சாப், அரியானா, குஜராத் பிள்ளைகள் பலர் அதில் இருந்தார்கள். அந்த விலங்கைப் பூட்டியவன் அமெரிக்க அதிகாரி. பூட்டச் சொன்னது ஓட்டுப் பெட்டிக்காக ஊதிவிட்ட பூச்சாண்டி.

அடுத்த தேர்தலிலும் அந்தப் பூச்சாண்டி வருவான். அமெரிக்கத் தொழிலாளி அவனைப் பார்த்து மிரளும்வரை முதலாளிக்குக் கவலை இல்லை. "நீயும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன், வா சங்கத்துக்கு" என்று அவன் கையைப் பிடிக்கும் நாளில்தான் முதலாளி மிரளுவான்!