பேசாத படங்கள் கேட்கும் கேள்விகள்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு எடுக்கப்பட்ட தெருக்காட்சிகள் இன்று கைபேசித் திரைகளில் மீண்டும் உலா வருகின்றன. குதிரை வண்டிகள் ஓடும் பாரிஸ், தொப்பியணிந்த மனிதர்கள் நிறைந்த நியூயார்க், ரிக்‌ஷாக்கள் விரையும் ஆசியத் துறைமுக நகரங்கள் என அவை பலவகைப்படும். ஒலியில்லாத இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் காண்போரிடம் பெரும்பாலும் மூன்று விதமான எதிர்வினைகளைக் காணலாம். சிலர் சிரிக்கின்றனர். சிலர், "அந்தக் காலம் எவ்வளவு அழகாக இருந்தது!" என்று பெருமூச்சு விடுகின்றனர். இன்னும் சிலர், "இவர்களில் ஒருவர்கூட இன்று உயிருடன் இல்லையே!" என்று மனம் கலங்குகின்றனர்.

இவை மூன்றும் இயல்பான உணர்வுகளே. ஆனால், பார்வையாளர் அவற்றோடு நின்றுவிட்டால் பழைய படம் வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடும். பழைய தெருக்காட்சியைப் பார்ப்பவர் அதனிடம் கேள்வி கேட்கவும், படம் சொல்லாத விடையை மனிதர்களிடம் தேடவும் கற்றுக்கொள்ள வேண்டும். புக்கிட் மேரா போன்ற பழைய வட்டாரத்தில் வளரும் இளையருக்கு இது தள்ளிப்போட முடியாத வேலை.

முதலில் சிரிப்பைப் பார்க்கலாம். பழைய படங்களில் மனிதர்கள் பொம்மைகளைப்போல் துள்ளித் துள்ளி நடக்கின்றனர். அவர்கள் அப்படி நடந்தவர்கள் அல்லர். அக்காலத்தில் படப்பிடிப்பாளர் கருவியின் கைப்பிடியைச் சுழற்றியே படமெடுத்தார். விநாடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் பதிவாயின. பின்னாளில் பேசும் படங்கள் வந்தபோது விநாடிக்கு 24 படங்கள் என்பது வழக்கமாயிற்று. 16 என்ற வேகத்தில் எடுத்ததை 24 என்ற வேகத்தில் ஓட்டினால், ஒரு நிமிட நடை 40 விநாடிகளில் முடிந்துவிடும். ஆகவே, காண்போர் சிரிப்பது அந்த மனிதர்களைப் பார்த்து அன்று. படத்தைத் தவறான வேகத்தில் ஓட்டும் கருவியைப் பார்த்துத்தான்.

அக்காலப் பார்வையாளர்களைப் பற்றியும் இன்று ஒரு நகைச்சுவை உண்டு. பிரான்சின் லூமியே சகோதரர்கள் 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டினர். பின்னர் அவர்கள் திரையிட்ட ஒரு படத்தில் ரயில் ஒன்று நிலையத்திற்குள் நுழையும். அதைக் கண்ட மக்கள் ரயில் தங்கள்மீது ஏறிவிடும் என்று அஞ்சி ஓடினார்கள் எனப் பலரும் சொல்லிச் சிரிப்பதுண்டு. அப்படி நடந்ததற்கு உறுதியான சான்று எதுவும் வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. முன்னோர் அறியாதவர்கள் என்ற எண்ணம் நம் காலத்தவருக்கு இனிக்கிறது. அதனால்தான் அந்தக் கதை இன்னும் வாழ்கிறது.

அடுத்தது பெருமூச்சு. அமைதியான தெரு, அவசரமில்லாத மக்கள், கைபேசியில் மூழ்காமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பழக்கம் ஆகியவற்றைக் கண்டு இன்றைய பார்வையாளர் ஏங்குகின்றனர். அந்த ஏக்கத்தில் நியாயமும் இருக்கிறது. இன்றைய வாழ்வில் எது குறைந்துவிட்டது என்பதை அது சுட்டிக்காட்டுகிறது. எனினும், தெரு அமைதியாகத் தோன்றுவதற்குக் காரணம் படத்தில் ஒலி இல்லாமையே. வண்டிச் சக்கரங்களின் கடகடப்பும் கூவி விற்போரின் குரலும் திரைக்கு வரவில்லை. வாடையும் வரவில்லை. சிங்கப்பூரில் மனிதக் கழிவை வாளிகளில் சேகரித்து அகற்றும் முறை 1987ஆம் ஆண்டில்தான் முற்றிலும் முடிவுக்கு வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், பழைய தெருவின் மறுபக்கம் புரியும்.

ரிக்‌ஷாவும் அப்படித்தான். 1880ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த அந்த வண்டி, படத்தில் அழகாகவே இருக்கிறது. அதை வெயிலிலும் மழையிலும் ஒரு மனிதர் இழுத்து ஓடினார் என்பதைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால்தான் மனம் உணரும். 1947ஆம் ஆண்டில் மனிதர் இழுக்கும் ரிக்‌ஷாக்கள் தடைசெய்யப்பட்டன. கம்பத்து வீடுகளும் படத்தில் குளிர்ச்சியாகவே தெரியும். ஆனால், இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தில் அடங்கும் புக்கிட் ஹோ சுவீயில் 1961ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி மூண்ட தீயில் ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தனர். மரச்சுவரும் அத்தாப்புக் கூரையும் நெருங்கி நின்ற வீடுகள் எவ்வளவு விரைவில் எரியும் என்பதை எந்த அழகிய காட்சியும் சொல்வதில்லை. அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் பலருக்குப் பாதுகாப்பான புதுவாழ்வைத் தந்தன. கம்பத்தின் ஒற்றுமையைப் போற்றுவோர் அதன் ஆபத்தையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று தமிழர் சொல்வதுண்டு. பழைய படங்களுக்கு இது மிகவும் பொருந்தும். 1899ஆம் ஆண்டில் இந்தியாவில் எடுக்கப்பட்ட ஒரு படம், கல்கத்தாவின் காட்சி என்று பெயரிடப்பட்டு வெளிவந்தது. ஆற்றங்கரையில் படித்துறைகள், கோயில்கள், மக்கள் கூட்டம் ஆகியவை படகிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. உண்மையில் அது காசி. தொலைவிலிருந்த விற்பனையாளருக்கு இரண்டு ஊர்களும் ஒன்றாகத் தோன்றின போலும். காசியில் வாழ்ந்த ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் தவறு தெரிந்திருக்கும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மார்க்கெட் தெரு வழியாகச் செல்லும் டிராமின் முன்பகுதியிலிருந்து எடுத்த படமும் புகழ்பெற்றது. அது 1905ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் ஓர் ஆய்வாளர், படத்தில் தெரியும் கார்களின் பதிவு எண்களையும் சாலையில் தேங்கியிருந்த மழைநீரையும் அக்காலப் பதிவேடுகளோடும் செய்தித்தாள்களோடும் ஒப்பிட்டார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பெரும் நிலநடுக்கத்திற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அது எடுக்கப்பட்டது என்பது தெளிவாயிற்று. ஏப்ரல் 18ஆம் தேதி நேர்ந்த அந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்தன. இந்த உண்மை தெரிந்தபின் அப்படத்தில் சிரித்தபடி சாலையைக் கடக்கும் சிறுவர்களை யாரும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. அதே படத்தில் சில கார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தெரு பரபரப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவை சுற்றிவந்தன என்று கருதப்படுகிறது. தெருக்காட்சியிலும் நடிப்பு கலந்திருக்கலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இன்று வேறொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவின் துணையோடு பழைய படங்களுக்கு வண்ணம் பூசுகின்றனர். காலடியோசையும் வண்டிச் சத்தமும் சேர்க்கின்றனர். அசைவு வழுவழுப்பாகத் தெரிய விநாடிக்கு 60 படங்களாகப் பெருக்குகின்றனர். மூலப் படத்தில் விநாடிக்கு 16 படங்கள் இருந்தால், மீதி 44 படங்களும் கணினியின் கற்பனையே. அவற்றில் தெரியும் கையசைவும் கண்ணசைவும் எந்த மனிதரும் கருவியின் முன் செய்தவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

வண்ணமும் ஊகமே. தொடக்ககாலப் படச்சுருள் சிவப்பு நிறத்தை உணராது. சிவப்புப் பொருள் அதில் கறுப்பாகவே பதியும். நீலவானம் வெளுத்துத் தெரியும். மலாய் மொழியில் புக்கிட் மேரா என்றால் சிவப்புக் குன்று என்று பொருள். அந்தக் குன்றின் செம்மண்ணை அக்காலக் கருவி படமெடுத்திருந்தால், ஊருக்குப் பெயர் தந்த நிறமே படத்திலிருந்து மறைந்து போயிருக்கும். கணினி அதற்குக் காப்பிக்கொட்டை நிறத்தையோ சாம்பல் நிறத்தையோ பூசக்கூடும். அங்கு நடந்து, செம்மண் ஒட்டிய காலோடு வீடு திரும்பிய ஒருவருக்குத்தான் உண்மை தெரியும்.

வண்ணம் சேர்ப்பதால்தான் இளையர் பழைய படங்களைப் பார்க்க முன்வருகின்றனர் என்று சிலர் வாதிடுகின்றனர். அதை மறுக்க முடியாது. கறுப்பு வெள்ளை என்றாலே திரையைத் தள்ளிவிடும் ஒருவர், வண்ணத்தில் கண்டபின் வரலாற்றில் ஆர்வம் கொள்ளலாம். ஆகவே, வண்ணம் பூசுவதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், எது மூலம், எது சேர்க்கை என்பதைத் திரையிலேயே தெளிவாக எழுதுவது நேர்மை. மூலப் படத்தைத் தொடாமல் பாதுகாப்பது கடமை. மருந்துப் புட்டியின்மேல் அதில் கலந்திருப்பவை எழுதப்பட்டிருப்பதைப் போன்றதே இது.

படத்தில் இருப்பதைப் போலவே, இல்லாததும் கேள்விக்குரியது. சிங்கப்பூரின் மிகப் பழைய காட்சிகளை எடுத்தவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். புகழ்பெற்ற பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸின் அண்ணன் காஸ்டன் மெலியெஸ், 1912, 1913ஆம் ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலும் ஆசியாவிலும் பயணம் செய்து படமெடுத்தார், சிங்கப்பூருக்கும் வந்தார். அந்தப் பயணத்தில் அவர் எடுத்த படங்களில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும். வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்துபோகும். எஞ்சியவற்றிலும் வந்தவருக்கு வியப்பூட்டியதே இடம்பெற்றது. இங்கு வாழ்ந்தவருக்கு முக்கியமானது இடம்பெறாமல் போயிருக்கலாம்.

புக்கிட் மேரா வட்டாரத்தைச் சுற்றி உழைத்த தமிழர்களை நினைத்துப் பார்க்கலாம். கெப்பல் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், மாட்டுவண்டி ஓட்டியவர்கள், அலெக்சாண்ட்ரா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள் எனப் பலர் இருந்தனர். இன்று டெப்போ சாலையில் இருக்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் ஆலயம், அந்தச் சூளைத் தொழிலாளர்களின் சிறிய வழிபாட்டிடமாகத் தொடங்கியதுதான். 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலும் தமிழர்கள் பணியாற்றினர். ரயில் ஊழியர் குடும்பங்கள் ஸ்பூனர் சாலைக் குடியிருப்பில் வாழ்ந்தன. 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி அந்த நிலையத்தின் கடைசி ரயில் புறப்பட்டது. பழைய படம் ஒன்றில் தலைப்பாகையுடன் ஒரு தொழிலாளி மூன்று விநாடி கடந்துபோனால், அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன கூலி பெற்றார், ஊருக்கு எழுதிய கடிதத்தில் என்ன சொன்னார் என்பவற்றைப் படம் சொல்லாது. அவருடைய பெயரைக்கூடச் சொல்லாது.

அந்தப் பெயரை யார் சொல்வார்கள்? 1910ஆம் ஆண்டில் தெருவில் நடந்த பெரியவர்கள் இன்று இல்லை. அவர்களின் பிள்ளைகளில் எஞ்சியிருப்போர் எண்பது, தொண்ணூறு வயதைத் தாண்டியவர்கள். புக்கிட் ஹோ சுவீ தீயைச் சிறுவராக இருந்து பார்த்தவர்களுக்கும் இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்கள் புக்கிட் மேராவின் புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் உணவங்காடி நிலையங்களிலும் கோப்பி அருந்தியபடி உட்கார்ந்திருக்கின்றனர். சிங்கப்பூரில் 1979ஆம் ஆண்டிலிருந்து வாய்மொழி வரலாறு பதிவு செய்யப்பட்டு வருகிறது. தேசிய ஆவணக் காப்பகத்தில் தமிழிலும் நேர்காணல்கள் உள்ளன. ஆனால், எல்லாத் தாத்தா பாட்டிகளையும் காப்பகத்தால் தேடிச் செல்ல முடியாது. பேரப்பிள்ளைகளால் முடியும்.

பழைய தெருக்காட்சி ஒன்று கைபேசிக்கு வரும்போது, உடனே நண்பருக்கு அனுப்புவதற்குப் பதிலாக, அதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் காட்டலாம். "தாத்தா, இந்த வண்டியில் என்ன ஏற்றுவார்கள்?" "பாட்டி, இந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். ஒரு கேள்விக்கு விடையாக அரைமணி நேரக் கதை வரக்கூடும். சில வேளைகளில், "எனக்குத் தெரியாது, ஆனால் அடுத்த புளோக்கில் இருக்கும் அண்ணனுக்குத் தெரியும்" என்ற விடையும் வரலாம். அந்த விடையும் பயனுள்ளதே. பாட்டியின் தமிழைப் பேரப்பிள்ளை காதுகொடுத்துக் கேட்பதால் மொழியும் சேர்ந்து வளரும்.

இன்றைய இளையரும் நாள்தோறும் தெருவைப் படமெடுக்கின்றனர். ஈரச்சந்தை, பேருந்து நிலையம், தீபாவளி ஒளியூட்டு எனக் காட்சிகள் குவிகின்றன. பெரும்பாலானவற்றில் நாளும் இல்லை, இடமும் இல்லை, படத்தில் இருப்பவரின் பெயரும் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து யாரேனும் அவற்றைப் பார்த்தால், இன்றைய மனிதர்களும் பெயரற்ற உருவங்களாகவே கடந்துபோவர். அன்றைய இளையரும் இன்றைய உடையைக் கண்டு சிரிக்கலாம். இன்றைய மரங்களைக் கண்டு பெருமூச்சும் விடலாம். எந்த நாள், எந்தத் தெரு, யார் என்ற மூன்று குறிப்புகளைப் படத்தோடு எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். புக்கிட் மேராவின் தெருக்களில் நடந்த பழைய தொழிலாளிக்குக் கிடைக்காத அந்த ஒரு நிமிடத்தை, இன்று நடப்பவர்களுக்கேனும் கொடுக்கலாம்.