டில்லிக்குப் போய்க் கார் வாங்குவது

நம் நாட்டில் ஒருவன் ஒரு ஜதைச் செருப்பு வாங்குவதானால் நாலு கடை ஏறி இறங்கி, காலில் மாட்டிப் பத்தடி நடந்து பார்த்து, அடித்தோலைத் திருப்பிப் பார்த்து, பத்து ரூபாய் குறைத்துக் கேட்டுத்தான் வாங்குகிறான். கத்தரிக்காய் வாங்குகிறவள்கூடச் சொத்தையா, நல்லதா என்று புரட்டிப் பாராமல் கூடையில் போடுவதில்லை. ஆனால் அதே ஜனங்கள் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து ஒரு சாமான் வாங்கப் புறப்படும்போது மாத்திரம், எதைப் பார்க்கவேண்டுமோ அதை விட்டுவிட்டுப் பார்க்கவேண்டாததையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கமாய் இருந்து வருகின்றது. இதற்குக் காரணம் அவர்களுக்கு அறிவு இல்லை என்பதல்ல. கத்தரிக்காயில் இருந்த அறிவு காரில் எங்கே போய்விடும்? அறிவை உபயோகிக்கக் கூடாத இடங்கள் என்று சில இடங்களை நம்மவர்கள் ஒதுக்கி வைத்திருப்பதுதான் காரணமாகும்.

இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், நமக்கு மிகவும் தெரிந்த ஒருவர், சேலம் ஜில்லாவில் மூன்று ஏக்கர் மரவள்ளிக் காட்டை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர், சமீபத்தில் டில்லிக்குப் போய் ஒரு பழைய டீசல் கார் வாங்கிவந்தார். அவர் யோக்கியர்; உழைப்பாளி; ஒருவரை ஏமாற்றி அறியாதவர். அவருடைய பெயர் நமக்கு வேண்டியதில்லை. அவருக்கு நேர்ந்தது தமிழ்நாட்டில் அநேகருக்கு நேர்ந்துகொண்டிருப்பதால்தான் அதை எழுதுகிறோம்.

"ஊரில் கார் இல்லை என்று டில்லிக்குப் போனானாம்" என்று ஊரார் அவரைப் பரிகாசம் செய்தார்கள். நாம் அந்தப் பரிகாசத்தில் சேரமாட்டோம். காசிக்குப் போய் முழுகிவிட்டு வருகிறவனைப் பார்த்து, "ஊரில் தண்ணீர் இல்லையா?" என்று ஒருவரும் கேட்பதில்லை. விலை குறைவாய் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து ஒருவன் வடக்கே போனால் மாத்திரம் அது பைத்தியக்காரத்தனமாகிவிடுமா? நம்மைக் கேட்டால், அவர் செய்த காரியங்களில் அறிவோடு செய்தது டில்லிக்குப் புறப்பட்டது ஒன்றுதான் என்போம்.

ஏனென்றால், டில்லியில் பழைய டீசல் கார் மலிவாய்க் கிடைப்பதற்குப் பிரத்தியட்சமான காரணம் இருக்கின்றது. டில்லி நகரத்துக் காற்று மூச்சுவிடத் தகாததாய்ப் போனதன்பேரில், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள பிரதேசத்திலும் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ம் வருஷம் உத்தரவு போட்டது. பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம் என்று கெடு. 2018-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே வற்புறுத்தியது. 2025-ல் இவ்விஷயம் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் உத்தரவுகள் மாறியதும் உண்டு. ஆனால் கெடு வரப்போகிறது என்ற பயம் ஒன்றே விலையை இறக்கப் போதுமானதாகும். தமிழ்நாட்டிலோ சொந்தக் காருக்கு முதற் பதிவு பதினைந்து வருஷம் செல்லும். பிறகு சோதனை செய்து புதுப்பித்தும் கொள்ளலாம். ஆகவே அங்கே கிழவனாகிவிட்ட கார் இங்கே நடுவயதுக்காரனாய் இருக்கிறது. அங்கே நுரையீரலுக்கு ஆகாத புகை நம் ஊர்க் குழந்தைகளுக்கு மாத்திரம் எப்படி ஆகும் என்பது வேறொரு கேள்வி. அதைச் சர்க்கார்தான் யோசிக்கவேண்டும்.

நிற்க. நமது நண்பர் இந்த வித்தியாசத்தைச் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொண்டார். இங்கே நாலு லட்சம் சொல்லும் கார் அங்கே இரண்டரை லட்சம். லாபம் ஒன்றரை லட்சம். அதுவரையில் சரி. ரயிலுக்கு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. புறப்படவேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. அப்போதுதான் ஜோசியர் குறுக்கே வந்தார். செவ்வாயும் புதனும் வடக்கே சூலமாம்! டில்லியோ வடக்கே இருந்து தொலைத்தது. டிக்கெட் ரத்தாயிற்று, பணத்தில் ஒரு பாகம் போயிற்று, பிரயாணம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளப்பட்டது.

தோழர்களே! செவ்வாய், புதன் கிழமைகளில் வடக்கே போகும் ரயில்களையெல்லாம் ரயில்வேக்காரர்கள் நிறுத்திவிட்டார்களா? அந்த ரயில்களில் ஏறிப் போன ஆயிரக்கணக்கான பேரும் சூலத்தில் குத்துப்பட்டா இறங்கினார்கள்? தெற்கே இருந்து டில்லிக்குப் போகிறவனுக்குச் செவ்வாய்க்கிழமை ஆகாது என்றால், அன்றைக்கே டில்லியிலிருந்து தெற்கே வருகிறவனுக்கு அதே தண்டவாளம் மாத்திரம் எப்படி ஆகும்? இதைக் கேட்டால், "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்பதுதான் பதில். அந்தப் பெரியவர்கள் காலத்தில் ரயிலும் இல்லை, காரும் இல்லை, டில்லிப் புகையும் இல்லை.

வெள்ளிக்கிழமை புறப்பட்டவர் டில்லியில் தரகர் ஒருவரைக் கண்டார். அந்தத் தரகர் நாற்பது வருஷத்துக்கு முன் நம் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தவர். பேச்சோடு பேச்சாய் ஜாதியும் விசாரிக்கப்பட்டது. இருவரும் ஒரே ஜாதி என்று தெரிந்தது. அவ்வளவுதான்! அதன் பிறகு காரைப் பரிசோதிப்பதே மரியாதைக் குறைவாய்ப் போய்விட்டது. "நம்ம ஆளு, நமக்குக் கெடுதல் செய்வானா?" என்று நண்பர் பிற்பாடு நம்மிடம் சொன்னார். ஜாதியைக் கேட்டவர் சேஸிஸ் நம்பரைக் கேட்கவில்லை. ராசிக்கு ஏற்ற நிறமா என்று பார்த்தவர், எஞ்சின் நம்பர் பதிவுப் புத்தகத்தில் உள்ளதுதானா என்று பார்க்கவில்லை. நம்பர் பலகையில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருகிறதா என்று கூட்டிப் பார்த்தவர், கார் ஓடியதாய்க் காட்டும் கிலோமீட்டர் கணக்கைச் சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கவில்லை. கிலோமீட்டர் முள்ளைப் பின்னால் திருப்பி வைப்பது பழைய கார் வியாபாரத்தில் வெகு நாளைய வித்தை. எண் ஜோசியம் அதைக் கண்டுபிடிக்காது.

அன்றியும், காரில் வங்கிக் கடன் ஒன்று பதிவாகி அப்படியே இருந்தது. முன் சொந்தக்காரர் கடனை அடைத்திருந்தாலும், வங்கியின் கடிதத்தையும் 35-ம் நம்பர் பாரத்தையும் கொடுத்து அந்தப் பதிவை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. வேறு ராஜ்யத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று டில்லிப் பதிவு அதிகாரி கொடுக்கவேண்டிய 28-ம் நம்பர் பாரமும் கையில் இல்லை. "பத்து நாளில் கூரியரில் அனுப்புகிறேன்" என்றார் தரகர். நம்ம ஆள் சொல்லுக்கு மேல் காகிதம் எதற்கு?

நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஐதராபாத், கர்நூல், பெங்களூர், கிருஷ்ணகிரி என்று சுமார் 2,300 கிலோமீட்டர். நாகபுரிக்கு இப்பால் எஞ்சின் சூடேறி நின்றது. எலுமிச்சம்பழம் தண்ணீர் பம்பைக் காப்பாற்றவில்லை. ஒரு சாதாரண மெக்கானிக்தான் காப்பாற்றினார். அவர் என்ன ஜாதி, எந்த ராசி என்று அந்த நடுராத்திரியில் நண்பர் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கஷ்டம் வந்தால் நம்மவர்களுக்குப் பகுத்தறிவு தானாகவே வந்துவிடுகின்றது!

பத்து நாளில் வரவேண்டிய காகிதம் நாலு மாதம் கழித்து வந்தது. இந்த இடத்தில் சட்டம் இன்னதென்று வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் முப்பது நாளைக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வேறு ராஜ்யத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் இங்கே புதுப் பதிவு நம்பர் வாங்கவேண்டும். இங்கத்திய வரியையும் கட்டவேண்டும். டில்லியில் வரி கட்டியாகிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் முன் சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. ஆகவே அந்த நாலு மாதமும் கார் நமது நண்பர் வீட்டு வாசலில், அவர் பணத்தில், டில்லிக்காரர் ஒருவருடைய காராய் நின்றுகொண்டிருந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இருவர் போன செலவும் தங்கின செலவும் 18,000 ரூபாய். தரகு 15,000. திரும்பி வந்த டீசல், சுங்கம், சாப்பாடு 24,000. வரி, கடன் பதிவு நீக்கம், பதிவுக் கட்டணம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து 63,000. ஆக 1,20,000. ஒன்றரை லட்சம் லாபத்தில் மிஞ்சியது 30,000. பம்புக்கும் எஞ்சினுக்கும் இதுவரை ஆன செலவு 55,000. ஆகவே 25,000 ரூபாய் நஷ்டம். கொடுத்த எலுமிச்சம்பழத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தூரதேசத்துக்குப் போய்க் கார் வாங்கவே கூடாது என்கிறீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்ல வரவில்லை. தாராளமாய்ப் போங்கள். ஆனால் போகுமுன் சர்க்காரின் வாகனப் பதிவேட்டில் நம்பரைப் போட்டு, பதிவு எதுவரை செல்லும், கடன் இருக்கிறதா, இன்ஷியூரன்ஸ் உண்டா, அபராதம் பாக்கி உண்டா என்று வீட்டிலிருந்தபடியே பாருங்கள். நம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் வரி எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே கேட்டு, அதையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். ஜோசியருக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு மெக்கானிக்குக் கொடுத்துக் கூட அழைத்துப் போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராய் இருக்கலாம். 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை நாமே கண்டிருக்கிறோம். மூழ்கின கார்களை, மூழ்கியது தெரியாத ஊரில்தானே விற்பார்கள்? கடைசியாக, 28-ம் நம்பர் பாரமும், விற்றவர் கையெழுத்துப் போட்ட 29, 30-ம் நம்பர் பாரங்களும் கைக்கு வராமல் முழுப்பணமும் கைமாறக்கூடாது. விற்கிறவர் அண்ணன் தம்பியாய் இருந்தாலும் சரியே. யோக்கியன் காகிதம் கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டான்.

ஆனால் இவ்வளவையும் அவர் சரியாய்ச் செய்து, நல்ல காராகவே வாங்கி வந்திருந்தாலும் நாம் இந்த வியாசத்தை எழுதித்தான் இருப்போம். ஏனென்றால், இன்னும் முக்கியமான ஒரு சங்கதியை நாம் இதுவரை சொல்லவில்லை. அந்தக் கார் அவருக்கு அல்ல. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிற பையன் வீட்டார், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; உங்கள் பெண் வெயிலில் நடக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறோம்" என்று சொன்னதற்காக வாங்கப்பட்ட கார் அது! புதுக் காருக்கு வழியில்லாமல்தான் மனிதர் டில்லிவரை போனார். மூன்று ஏக்கரில் ஒன்று இன்றைக்கு அடமானத்தில் இருக்கிறது. கார் கைக்கு வந்த பிறகு சம்பந்தி வீட்டார், "டில்லி நம்பர் பலகையோடு வாசலில் நிற்கிறதே, நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று குறைசொன்னார்கள். அந்தப் பெண் படித்தவள். மாதச் சம்பளம் வாங்குகிறவள். அவள் சம்பாதிக்கிறதற்கும் விலை இல்லை. அவள் படித்த படிப்புக்கும் மதிப்பு இல்லை. அவளோடு நாலு சக்கரமும் சேர்ந்து வந்தால்தான் மதிப்பாம்!

வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-ம் வருஷத்திலேயே சட்டம் செய்தாகிவிட்டது. ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறை என்பது அதில் உள்ள தண்டனை. காருக்கு 28-ம் நம்பர் பாரம் கேட்கிற சர்க்கார், இந்தக் காரை எதற்காக வாங்கினாய் என்று கேட்கிறதில்லை. கேட்கவேண்டியவர் பெண்ணின் தகப்பனார்தான். "கார் இல்லாமல் என் பெண் வேண்டுமா, வேண்டாமா?" என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால், அந்தப் பையன் எப்பேர்ப்பட்டவன் என்பது அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். காரின் யோக்கியதையைப் பார்க்க மெக்கானிக் வேண்டும். மாப்பிள்ளையின் யோக்கியதையைப் பார்க்க இந்த ஒரு கேள்வி போதும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். உங்களுக்கு உபயோகமாகும் என்று உங்கள் அறிவுக்குப் பட்டால், ஒரு கார் வாங்க டில்லிக்கும் போங்கள், அதற்கு அப்பாலும் போங்கள். எந்தக் கிழமையானாலும் போங்கள். ஆனால் பெண்ணைக் கொடுப்பதற்காகக் கார் வாங்குவதானால், உங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஓர் அடிகூடப் போகாதீர்கள்.