கைப்பிடி இல்லாத கார்க் கதவு

ஆலைத் தொழிலும் இரயில்வேத் தொழிலும் நம் முன்னோர் பலரை ஒக்கலிபுரத்திற்கும் ஸ்ரீராமபுரத்திற்கும் அழைத்து வந்தன. அவர்தம் வழிவந்த பிள்ளைகளுள் சிலர் இன்று மோட்டார்ப் பட்டறைகளில் கைத்திறன் காட்டுகின்றனர். ஜே.சி. சாலைக் கடைகளைச் சுற்றி வந்தால் காரை அழகு செய்யும் பொருள்கள் எத்தனையோ கண்ணிற் படும். கைப்பிடியை நீக்கிவிட்டு, பொத்தானை அழுத்தியதும் மின்சாரத்தால் கதவு திறக்கும்படி செய்வதும் அத்தகைய அழகு வேலைகளுள் ஒன்று. அதன் நுட்பத்தையும் பொறுப்பையும் இத்திங்கள் ஆராய்வோம்.

இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் கலிபோர்னியாவின் கார் ஒப்பனையாளர்கள் இவ்வழக்கத்தைப் பரப்பினர். கைப்பிடியைக் கழற்றி, துளையைத் தகட்டால் மூடி வெல்டிங் செய்து, பட்டி பூசித் தேய்த்து வண்ணம் அடித்தால், கதவு கண்ணாடிபோல் வழவழவென்று ஆகிவிடும். இதுவரை டிங்கரின் வேலை. இனி மின்வேலை.

1825இல் இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் மின்காந்தத்தைச் செய்து காட்டினார். அந்தத் தத்துவமே இங்கும் பயன்படுகிறது. செப்புக் கம்பிச் சுருளின் நடுவே ஓர் இரும்புத் தண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் தண்டு உள்ளே இழுபடும். இதற்குச் சோலனாய்டு என்று பெயர். தண்டின் முனையில் கட்டிய எஃகுக் கம்பி, பூட்டின் நெம்புகோலை இழுத்துக் கதவை விடுவிக்கும்.

இவ்விழுப்பிற்கு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து இருபது, முப்பது ஆம்பியர் வரை நொடிப்பொழுது தேவைப்படலாம். சிறிய சுவிட்சு அதனைத் தாங்காது. ஆதலின் சுவிட்சு ரிலேயை இயக்க, ரிலே சோலனாய்டை இயக்க வேண்டும். ஒயர் தடிப்பானதாக இருத்தல் வேண்டும். பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் அமைத்தல் வேண்டும். கம்பி நேர்க்கோட்டில் இழுக்குமாறு பொருத்தாவிடில் விசை வீணாகும். பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் சுருள் சூடேறிக் கருகும். கீல் அருகே ஒயர் அடிக்கடி மடங்குமாதலால் அதற்கு இரப்பர் உறை இன்றியமையாதது. பூட்டு விட்டதும் கதவைச் சற்று வெளியே தள்ள ஒரு சுருள்வில் வேண்டும். பற்றி இழுக்கத்தான் வெளியே ஏதும் இல்லையே!

வண்டி ஓடும்போது கதவு திறந்துவிடலாகாது. ஆதலின் கைப்பிரேக் போட்டிருந்தாலன்றி ரிலேக்கு மின்சாரம் செல்லாதவாறு இணைப்பது வழக்கம். உட்புறக் கைப்பிடியை ஒருபோதும் நீக்கலாகாது. பாட்டரி தீர்ந்தாலும் திறப்பதற்கென, வண்டியின் அடியில் மறைவாக ஓர் இழுகம்பி வைப்பர்.

இத்தனையும் செய்தாயிற்று, இனிக் குறையொன்றும் இல்லை என்று தோன்றும். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்த மறைவுக் கம்பி எங்கே இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? உரிமையாளருக்குத் தெரியும், பட்டறைக்காரருக்குத் தெரியும். விபத்தின்போது ஓடி வரும் வழிப்போக்கருக்குத் தெரியுமா?

2025 செப்டம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை, 2021ஆம் ஆண்டின் டெஸ்லா மாடல் ஒய் கார்களின் மின்கைப்பிடிகளைப் பற்றி விசாரணை தொடங்கியது. வெளியிலிருந்து கதவு திறவாமையால், உள்ளே அகப்பட்ட குழந்தைகளை மீட்கப் பெற்றோர் சிலர் கண்ணாடியை உடைக்க நேர்ந்ததே காரணம். பெருந்தொழிற்சாலையின் பொருளுக்கே இந்நிலை என்றால், ஒரு பட்டறையில் தனியாகச் செய்த அமைப்பை எவ்வளவு ஐயத்தோடு நோக்க வேண்டும்!

நம் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 2023 மே 21 அன்று பெய்த பெருமழையில் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் ஒரு கார் நீரில் மூழ்கியது. 22 வயதுப் பெண்ணொருத்தி உயிரிழந்தாள். உடனிருந்தோரைப் பிறர் மீட்டனர். கதவின் வெளிப்புறத்தில், ஒரு மீட்டர் அகலத்திற்கு, அரை மீட்டர் உயரம் நீர் நின்றாலே ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் அதன்மேல் விழும். சிறு சுருள்வில் அதனை வெல்லுமா? உள்ளிருப்பவர் தள்ள, வெளியே இருப்பவர் பற்றி இழுக்க வேண்டிய நேரம் அது. இரயில் பாலங்களின் கீழே நாள்தோறும் சென்றுவரும் ஒக்கலிபுரத்தாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளர்மீது 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது.

ஆதலின் பட்டறையில் பணிபுரியும் தம்பிகளே, சோலனாய்டின் நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்ற தொழில் கைவிடாது. கண்காட்சியில் மட்டும் நிற்கும் வண்டியில் உங்கள் திறமையைக் காட்டுங்கள். குடும்பம் ஏறிச் சாலையில் செல்லும் காரிலோ கைப்பிடியைத் தொடாதீர்கள். வாடிக்கையாளர் கூடுதல் கூலி தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கைப்பிடி உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று; ஆபத்தில் அவரை மீட்க வரும் முன்பின் அறியாத ஒருவரின் கைக்கும் உரியது.